எஸ்2 விண்மீனில் கருந்துளையின் ஈர்ப்பைக் கணக்கிடும் முறை

பால்வீதியின் மையத்தில் ஒரு பெருங்கருந்துளை இருக்கிறது; அதைச் சுற்றும் விண்மீன்களில் ஒன்றுதான் எஸ்2. முதலில் அந்த இடத்தை வானில் கண்டுபிடிப்போம், பிறகு கணக்கு. பால்வீதியின் மையம் ஜூன் நள்ளிரவில் தெற்கே உச்சம் தொடும். அப்போது ஹட்டன், நுவரெலியா பக்கம் மழையும் மூட்டமும்தான். தென்மேல் பருவமழையை மலைத்தொடர் மறித்துவிடுவதால் பண்டாரவளை, பதுளைப் பக்கமே நம்பிக்கையான இடம். ஆகஸ்ட் கடைசியில் இரவு எட்டுக்கு முன்னரே உச்சம் தொட்டுவிடும்.

பண்டாரவளையில் அதன் உயரம் 54 பாகை. தனுசு விண்மீன்கள் கேத்தல் வடிவில் தெரியும். தெற்கே பார்த்து நின்று, கேத்தல் மூக்கின் நுனியிலிருந்து வலப்பக்கமாகச் சற்று மேலேறி ஐந்து பாகைக்குக் கொஞ்சம் குறைவாகப் போங்கள். நீட்டிய கையில் மூன்று விரல் அகலம். கமராவுக்கு 50 மி.மீ. வில்லை, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, 6 செக்கன். கச்சான் காற்று முக்காலியை ஆட்டும். நடுத்தண்டில் கல் நிரப்பிய பையைக் கட்டுங்கள். பை தரையைத் தொடவேண்டும், தொங்கினால் அதுவே ஊசலாடும்.

படத்தில் எஸ்2 வராது. இடையிலுள்ள தூசு கட்புல ஒளியை விழுங்கிவிடும். சிலியின் விஎல்டி, ஹவாயின் கெக் ஆகிய பெரிய தொலைநோக்கிகள் 2.2 மைக்ரோமீற்றர் அகச்சிவப்பில்தான் அதைப் பின்தொடர்ந்தன. 16 ஆண்டுக்கொருமுறை சுற்றும் எஸ்2, 2018 மே மாதத்தில் கருந்துளைக்கு 120 வானியல் அலகு, அதாவது சுமார் 1,800 கோடி கி.மீ. கிட்டே வந்தது. அப்போது வேகம் செக்கனுக்கு 7,650 கி.மீ.

இனிக் கணக்கு. உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைக்கு இது போதும்; ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையான பொதுச் சார்பியல் இவ்வளவு எளிதாகக் கைக்கு வருவது அபூர்வம். கருந்துளையின் திணிவு 43 இலட்சம் சூரியன். ஒரு சூரியனுக்குச் சுவாட்சைல்ட் ஆரை (ஒளியும் மீளமுடியாத எல்லையின் ஆரை) 2.95 கி.மீ.; பெருக்கினால் 1.27 கோடி கி.மீ. அதை 1,800 கோடியின் இருமடங்கால் வகுத்து, ஒளிவேகமான 3 இலட்சத்தால் பெருக்கினால் செக்கனுக்கு 106 கி.மீ.: ஈர்ப்புச் செம்பெயர்ச்சி, அதாவது ஈர்ப்பால் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு, வேகமாகச் சொன்னால். அந்த இருமடங்கை மறப்பதுதான் வழக்கமான பிழை; விடை 212 ஆகிவிடும். அடுத்து 7,650இன் வர்க்கத்தை ஒளிவேகத்தின் இருமடங்கான 6 இலட்சத்தால் வகுத்தால் 98: வேகத்தால் நேரம் மந்தமாகும் பங்கு. இரண்டும் சேர்ந்து சுமார் 200. எஸ்2இன் நிறமாலையில் ஐதரசனின் பிராக்கெட் காமா என்னும் கோடு 2,166 நனோமீற்றரிலிருந்து 1.5 நனோமீற்றர் மட்டுமே நகரும்.

இந்த 200ஐ நிறமாலையில் நேரே வாசிக்க முடியாது. அந்த ஆண்டில் பார்வைக்கோட்டு வேகம் சில மாதங்களிலேயே +4,000இலிருந்து −2,000 வரை மாறியது. வெளியான வேகத் தரவை விரிதாளில் இட்டுக் கெப்லர் பாதையை (சார்பியல் இல்லாத நீள்வட்டப் பாதையை) கழித்தால்தான் மிச்சம் தெரியும். 2018இன் தரவு மட்டும் போதாது: முந்திய ஆண்டுகளின் நிலைகள் இல்லாவிட்டால் தரவுக்குப் பொருத்தும் பாதை தானே வளைந்து அந்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

2020இல் வெளியான பாதைத் திருப்பத்துக்கும் (ஒவ்வொரு சுற்றிலும் நீள்வட்டமே சற்றுத் திரும்புவது) இதே எண்கள் போதும். சுவாட்சைல்ட் ஆரையை 9.42ஆல் (3π) பெருக்கி, 1,800 கோடி × 1.885ஆல் (ஒன்றுடன் பாதையின் மையவகற்சி 0.885) வகுங்கள். விடை ரேடியனில் வரும். 3,438ஆல் பெருக்கினால் சுற்றுக்கு 12 கலை (60 கலை ஒரு பாகை).