சிபாப் வீட்டுக்கு வந்தாச்சு, அப்புறம்?

தங்கச்சிமடத்தில் எங்கள் அப்பாவுக்கு ராத்திரி சிபாப் (CPAP) கருவியை மாட்டிவிடுவது என் பொறுப்பு. தூங்கும்போது மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைபடுவதாக உறக்கப் பரிசோதனையில் தெரிந்தது. அது தீவிர நிலை. தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழியை அடைக்காதபடி காற்றழுத்தத்தால் திறந்தே வைக்கும் கருவிதான் சிபாப். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. இதே வகையில் இன்னொரு கருவியான பைபாப் என்றால் மூச்சை இழுக்கும்போது ஓர் அழுத்தம், விடும்போது அதைவிடக் குறைவு. எதுவானாலும் அழுத்தத்தை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

பலர் கருவியைப் பரணில் போடுவது மாஸ்க் தொல்லையால்தான். உட்காரவைத்துப் பட்டையை இறுக்காதீர்கள். படுக்கவைத்து, கருவியை ஓடவிட்டு, மாஸ்க்கை லேசாகத் தூக்குங்கள். சிலிக்கோன் விளிம்பு காற்றில் உப்பியதும் மெல்ல முகத்தில் அமரவிட்டு, இரு பக்கமும் சமமாக இழுங்கள். பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் மூக்குத்தண்டு புண்ணாகும், கசிவும் நிற்காது. அப்பாவுக்குக் கண்ணில் புஸ்ஸென்று காற்றடித்தது. மீசையைக் கொஞ்சம் ஒதுக்கிய பிறகுதான் மாஸ்க் ஒழுங்காக உட்கார்ந்தது. முன்பக்கப் பொடித்துளைகளில் வரும் காற்று கசிவு இல்லை. விட்ட மூச்சு வெளியேறும் வழி அது. தயவுசெய்து பிளாஸ்திரி போட்டு அடைத்துவிடாதீர்கள்.

காற்றை ஈரமாக்கும் ஈரப்பதத் தொட்டிக்கு நம்மூர் உப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது, வெள்ளையாகப் படிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். காலையில் மிச்சத்தைக் கொட்டி, தொட்டியையும் மாஸ்க் விளிம்பையும் லேசான சோப்பில் கழுவி நிழலில் காயவையுங்கள். கருவி தலையணையைவிடத் தாழ இருக்கட்டும். குழாயில் கோத்த நீர் மூக்குக்கு வராது.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் வீடெங்கும் வரும். ஜன்னலோரம் கருவியை வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை ஃபில்டரைப் பாருங்கள், பழுப்பேறியிருந்தால் மாற்றுங்கள். மெல்லிய வெள்ளை ஃபில்டரைக் கழுவக் கூடாது.

கரண்ட் போனால் கருவி நின்றுவிடும். அப்போது மாஸ்க்கைத் தானே கழற்ற நோயாளிக்குப் பழக்கிவிடுங்கள். முடியாதவர் என்றால் பக்கத்தில் ஆள் படுக்க வேண்டும். இன்வெர்ட்டரில் ஓட்டும்போது ஈரப்பதச் சூட்டை அணைத்தால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கருவியின் மெமரி கார்டை மறக்காதீர்கள். எத்தனை மணி நேரம் போட்டார், எவ்வளவு கசிந்தது, இன்னும் மூச்சு தடைபடுகிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும்.