மூச்சு வாங்குகிறவர்கள் வீட்டு நடுமுற்றமான வளவைச் சுற்றி நடப்பது எப்படி?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி பார்ப்பது என் வேலை. சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரர்கள் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: “நடந்தா மூச்சு வாங்குது, அதனால நடக்கிறதில்லை.” உட்கார்ந்தே இருந்தால் கால் தசை கரையும். அப்புறம் பத்து அடிக்கே மூச்சு வாங்கும். ஆகவே நடக்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு என்பதை நுரையீரல் மட்டும் தீர்மானிப்பதில்லை, இதயமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

இந்த நோயில் காற்றை இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பாடு. வேகமாக நடந்தால், பழைய காற்று முழுசாக வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு வந்துவிடும். காற்று நெஞ்சுக்குள் தேங்கி அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தை மறிக்கும். போதாததற்கு, ஆக்சிஜன் குறைந்த பகுதிகளில் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். ரத்த நுண்குழாய்கள் பல ஏற்கெனவே அழிந்திருக்கும். இவ்வளவையும் எதிர்த்து ரத்தத்தைத் தள்ள வேண்டியது இதயத்தின் வலது கீழறை. அதற்கோ மெல்லிய சுவர். அது திணறினால் இடப்பக்கத்துக்கு வரும் ரத்தம் குறையும். காலுக்கும் தலைக்கும் போவதும் குறையும். நடக்கும்போது கிறுகிறுப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் 120/80 இருந்தால் இந்தக் கோளாறு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நுரையீரல் குழாயின் அழுத்தம் வேறு கணக்கு. அதற்கு எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும். தினமும் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு: கணுக்காலுக்கு மேலே, எலும்பின் மீது கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்திவிட்டு எடுங்கள். குழி அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. அன்றைக்கு நடை வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

நம் ஊர் வீடுகளில் ஒரு வசதி: வளவைச் சுற்றி ஓடும் தாழ்வாரம். வெயில் இல்லை, மேடு பள்ளம் இல்லை, சாய்ந்துகொள்ளத் தூண்கள் உண்டு. நான்கு மூலையிலும் ஒரு நாற்காலி போடுங்கள். கழுவிவிட்ட ஆத்தங்குடிக் கல் தரை காயும் வரை கால் வைக்காதீர்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகட்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பூட்டமால் இன்ஹேலரை டாக்டர் எழுதியிருந்தால், நடைக்குக் கால் மணி முன்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் நிற்பது. இதுதான் முறை. விட்டுவிட்டு நடந்தால் தேங்கிய காற்று வெளியேற நேரம் கிடைக்கும். இரண்டு அடிக்கு மூக்கால் இழுத்து, நான்கு அடிக்கு உதட்டைக் குவித்து ஊதுங்கள். முதலில் பத்து நிமிஷம், வாரங்கள் போகப்போக இருபது, முப்பது. மூச்சுத்திணறலுக்கு 0 முதல் 10 வரை மார்க் போட்டால் 4-லிருந்து 6-க்குள் இருக்கட்டும். அந்த அளவு மூச்சு வாங்குவது கெடுதல் இல்லை. பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நாடித்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம்: துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது அவ்வளவாக ஏறாது.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை மருதாணி இல்லாத விரலில், கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். நடக்கும்போது எண் தாவும், நின்று பாருங்கள். விரலில் எண் தாமதமாகத்தான் இறங்கும் என்பதால், நின்ற பிறகும் அரை நிமிஷம் கவனியுங்கள். 88-க்குக் கீழே போனால் உட்காருங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். அடிக்கடி இப்படி இறங்கினால் நடைக்கு ஆக்சிஜன் தேவையா என்று டாக்டர் சொல்வார். ஏற்கெனவே ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் அது வரும் அளவைத் தாங்களாகக் கூட்டக்கூடாது. சிலருக்கு அதிக ஆக்சிஜன் கொடுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறிவிடும். நெஞ்சுவலி, மயக்கம், உதடு நீலம், உட்கார்ந்தும் ஏறாத எண் இவற்றில் எது வந்தாலும் 108.

வீட்டு வேலையிலும் கவனம் வேண்டும். பல வருஷம் விறகடுப்புப் புகையில் சமைத்து நோய் வந்த ஆச்சி ஒருவர், நன்றாகவே நடப்பார். செம்புக் குடத்தைத் தூக்கும்போது மட்டும் கண் இருட்டும். பார்த்தால், தம் பிடித்துத் தூக்குகிறார்! தம் பிடித்து முக்கினால் நெஞ்சழுத்தம் ஏறி ரத்தம் திரும்புவது இன்னும் குறையும். “ஆச்சி, ஊதிக்கிட்டே தூக்குங்க” என்றேன். அரைக் குடமாக்கி, ஊதிக்கொண்டே தூக்கியதில் இருட்டல் நின்றது.

தைப்பூசம் வந்தால் அவரே கேட்பார், “குன்றக்குடியிலேருந்து பழனிக்கு நடக்கலாமா?” என்று. வலது கீழறைக்கு அழுத்தம் இருப்பவர்களுக்கு என் பதில்: பாதயாத்திரை வேண்டாம், குன்றக்குடி மலைக்கோயில் படியும் வேண்டாம். சமதளத்தில் நடப்பதும் படி ஏறுவதும் இந்த இதயத்துக்கு ஒன்றல்ல. அவர் முகம் சுருங்கும், அப்புறம் “சரி, அன்னதானத்துக்குக் காய் நறுக்கலாமில்ல?” என்பார். தாராளமாக, உட்கார்ந்துகொண்டு.