மாடித் தொட்டிக்கு பிரஷர் பம்ப்: என் அனுபவம்

மேல் மாடி ஷவரில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். தொட்டி ஷவரைவிட 2 மீட்டர்தான் உயரம், 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தின் அளவு) என்று கணக்குப் போட்டால் கிடைப்பது வெறும் 0.2 பார்.

முதலில் ஃப்ளோ சுவிட்ச் வைத்த பம்ப் மாட்டினேன். தண்ணீர் தானாகக் கொஞ்சம் ஓடினால்தான் அந்த சுவிட்ச் வேலை செய்யும், எங்கள் ஷவரில் அந்த ஓட்டமே போதவில்லை, அதனால் பல நேரம் பம்ப் ஓடவே ஓடாது. மாற்றிவிட்டு, பிரஷர் சுவிட்சும் (குழாயில் அழுத்தம் குறைந்தால் பம்ப்பை ஓட்டுவது) சின்ன பிரஷர் டேங்கும் (உள்ளே அடைத்த காற்றால் அழுத்தத்தைத் தேக்கி வைப்பது) உள்ள 0.5 எச்.பி. பம்ப் வைத்தேன். இரண்டு ஷவருக்கு அது தாராளம்.

அப்புறம் புதுத் தொல்லை. குழாய் எல்லாம் மூடியிருக்கும்போதே பம்ப் அடிக்கடி ஓடி ஓடி நின்றது, ராத்திரியில் தூக்கமே போச்சு. தேடிப் பார்த்தால் ஃப்ளஷ் டேங்க் வால்வு ஒழுகியது, அதோடு பிரஷர் டேங்கில் காற்றும் குறைந்திருந்தது. வால்வை மாற்றினேன். பம்ப்பை நிறுத்தி, குழாயைத் திறந்து அழுத்தத்தை வடித்துவிட்டு, சைக்கிள் பம்ப்பால், பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்துக்கு 0.2 பார் குறைவாகக் காற்று அடித்தேன். சரியாகிவிட்டது.

தொட்டியிலிருந்து பம்ப்புக்கு வரும் பைப்பை மட்டும் சிறிதாக்காதீர்கள். தொட்டி காலியானால் பம்ப்பை நிறுத்த ஃப்ளோட் சுவிட்சும் கட்டாயம் வேண்டும்.