கின்டெலானைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிள்ளைகளுக்கு நான் சாஃப்ட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். கியூபாவின் பேஸ்பால் வீரர் ஓரெஸ்டெஸ் கின்டெலான், அந்நாட்டின் உள்நாட்டுப் போட்டியான தேசியத் தொடரில் 487 ஹோம் ரன் (பொதுவாகப் பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எடுக்கும் ஓட்டம்) அடித்தவர். ஆனால் எண்ணில் தொடங்காதீர்கள். எண்ணைக் கேட்ட பிள்ளை தலையாட்டிவிட்டு மறந்துவிடும்.

முதலில் நடக்க வையுங்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவர் அடித்த ஒரு பந்து 521 அடி போனதாகக் கணக்கிட்டார்கள். நம் கணக்கில் 159 மீட்டர். 30 மீட்டர் டேப்பை ஐந்து முறை இழுத்து, மேலே ஒன்பது மீட்டர் சேர்த்து, அந்த இடத்தில் ஒரு பனைமட்டையை நடுங்கள். சர்வதேச கிரிக்கெட்டில் எல்லைக்கோடு 82 மீட்டரைத் தாண்டாது. அந்த இடத்திலும் ஓர் அடையாளம் வையுங்கள். பிள்ளைகள் 82 மீட்டர் அடையாளத்தில் நின்று பனைமட்டையைப் பார்க்கும்போது வாயடைத்துப் போவார்கள். "அம்மாடி, இன்னும் அவ்வளவா?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் கின்டெலான் பெயரையே நான் சொன்னேன்.

இதை ஆடி மாதத்தில் செய்தால் இன்னும் நல்லது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றுக்கு எதிரே ஒரு பந்தையும், காற்றோடு ஒரு பந்தையும் எறியச் சொல்லுங்கள். எங்கே விழுந்தன என்று அவர்களே குறிக்கட்டும். பந்து போன தூரத்தைக் கேட்டால் காற்று எந்தப் பக்கம் என்றும் கேட்க வேண்டும் என்பது அப்போது பிடிபடும்.

அப்புறம் பேட். அட்லாண்டாவில் அலுமினிய பேட்டுக்கு அனுமதி இருந்தது. அது பந்தை வேகமாகத் தள்ளும். இதை மறைக்காதீர்கள். ஓர் அலுமினிய பேட், ஒரு மர பேட் இரண்டையும் கொடுத்து, கம்பத்தின் மேல் வைத்த பந்தை அடிக்க விடுங்கள். மர பேட்டில் ஓரத்தில் பட்டால் கை மரத்துப்போகும். சிறுவர்கள் கையை உதறிக்கொண்டு சிரிப்பார்கள், ஆனால் அந்த வித்தியாசத்தை மறக்க மாட்டார்கள். அட்லாண்டாவில் அந்த அனுமதி எல்லா அணிகளுக்கும் இருந்தது. ஆனாலும் அந்த ஒரே போட்டித் தொடரில் ஒன்பது ஹோம் ரன் அடித்தவர் அவர். கியூபா தங்கம் வென்றது. 2000 சிட்னியில் மர பேட் வந்தது, கியூபாவுக்கு வெள்ளி.

சரி, இப்போது 487-ஐச் சொல்லலாம். கியூபாவின் தேசியத் தொடரில் அவருக்கு அடுத்து நின்ற லாசரோ ஹுன்கோ 405, ஓமர் லினாரெஸ் 404. கின்டெலான் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலுக்குப் போனதில்லை. கியூபாவின் சாந்தியாகோ நகரத்துக் குளவிகள் அணிக்கு ஆடினார். அமெரிக்காவில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். கியூபாவில் அவ்வளவு ஆட்டங்கள் கிடையாது. வாய்ப்பு குறைந்தபோதும் சேர்த்த எண்ணிக்கை இது என்பதை அழுத்திச் சொல்லுங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கடைசியாக, பனைமட்டையைப் பிடுங்காமல் அங்கேயே விடுங்கள். மறுநாள் பயிற்சிக்கு வருபவர்கள் அதைப் பார்த்தபடியே பேட்டை எடுப்பார்கள்.