ரேடியேட்டரை மாற்றியும் வண்டி கொதிக்கிறதா? காற்றின் வழியில் நாம் செய்யும் தவறுகள்

போன சித்திரையில் ஒரு தம்பி தன் செடானை எங்கள் பட்டறைக்கு ஓட்டி வந்தார். டர்போ போட்ட வண்டி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த தடித்த அலுமினிய ரேடியேட்டர் முன்னால் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. "செட்டிபாளையத்துல பத்து லேப் அடிச்சாலும் டெம்பரேச்சர் முள்ளு அசையறதில்லீங்ணா. திரும்பி வர்றப்ப உக்கடம் சிக்னல் தாண்டறதுக்குள்ள கொதிச்சுருதுங்க. இதைவிடப் பெரிய ரேடியேட்டர் கிடைக்குமாங்ணா?" என்று கேட்டார்.

அவர் கேள்வியிலேயே பதில் இருந்தது. செட்டிபாளையத்துப் பந்தய டிராக்கான கரி மோட்டார் ஸ்பீட்வேயில் முழு ஆக்சிலேட்டரில் பறக்கும்போது இன்ஜின் கொட்டுகிற வெப்பத்தை அந்த ரேடியேட்டர் சமாளித்துவிடுகிறது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜினிலிருந்து வரும் வெப்பம் அதில் சிறு பங்குதான். அதைத் தள்ள முடியவில்லை என்றால், நிற்கும்போது காற்று வரவில்லை என்று பொருள். ஃபேனில் இருந்த குறைக்கு அவர் ரேடியேட்டர் வாங்கியிருந்தார்.

கோவையில் மோட்டார் பந்தயத்துக்குப் பழைய வேர் உண்டு. பந்தய வீரர் கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்துப் பந்தய வண்டி கட்டிய ஊர் இது. 2005-ல் ஃபார்முலா 1-க்குப் போன நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். செட்டிபாளையத்து டிராக்கில் 2003 முதல் வண்டிகள் ஓடுகின்றன. அதனால் இன்ஜினை முறுக்கத் தெரிந்தவர்கள் இங்கே நிறைய. அந்த முறுக்கில் பிறக்கும் சூட்டை எங்கே அனுப்புவது என்பதில்தான், நல்ல கைகாரர்களும் சறுக்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

எப்போது சூடாகிறது என்று பார்க்காமல் பொருள் வாங்குவது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். பணத்தை எடுப்பதற்கு முன் இரண்டு நாள் வண்டியை ஓட்டி, முள் எப்போது ஏறுகிறது என்று மட்டும் பாருங்கள். நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் ஏறி, அறுபதில் போனால் இறங்கிவிடுகிறதா? ஃபேன், ஷ்ரவுட் (ரேடியேட்டரின் முகத்தை மூடி, காற்றை ஃபேனுக்குக் குவித்துத் தரும் தகட்டுக் கூடு), ஒயரிங் மூன்றில் ஒன்றில் குறை. ஊருக்குள் சரியாக இருந்து, அவிநாசி பைபாஸில் நூறைத் தொட்டால் ஏறுகிறதா? அப்போது ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போனால் எதிர்க்காற்றே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். அங்கே சந்தேகப்பட வேண்டியவை ரேடியேட்டரின் அளவு, உள்ளே அடைப்பு, வாட்டர் பம்ப், பம்பரிலிருந்து ரேடியேட்டருக்கு வரும் காற்றின் பாதை.

மலையேற்றம் தனிக் கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாகக் குன்னூருக்கோ, பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவு ஏறித் திம்பத்துக்கோ, ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் மாட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். இன்ஜின் கடுமையாக உழைக்கும், வண்டியோ இருபதைத் தாண்டாது. வெப்பம் அதிகம், எதிர்க்காற்று இல்லை. டிராக்கில் தேறிய வண்டியும் இங்கே தோற்கும். கொங்கு நாட்டில் ஓடுகிற வண்டிக்கு ஃபேனும் ஷ்ரவுட்டும் மற்ற இடங்களைவிட முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

தடிமனே பலம் என்று நினைப்பது

ரேடியேட்டர் வாங்குபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ரோ?", அதாவது எத்தனை டியூப் வரிசை என்பதுதான். கேட்க வேண்டியது முகப்புப் பரப்பு. அகலத்தையும் உயரத்தையும் எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டிய பிறகுதான் தடிமனுக்குப் போக வேண்டும். டியூபும் ஃபின்னும் (மெல்லிய தகட்டு மடிப்பு) சேர்ந்த நடுப்பகுதிதான் கோர். அதற்குள் நுழையும் காற்று முதல் அங்குலத்திலேயே நன்றாகச் சூடாகிவிடுகிறது. பின்வரிசை டியூப்களுக்கு வெந்த காற்றுதான் கிடைக்கும். கோர் தடிக்கத் தடிக்க அதற்குள் காற்றை இழுப்பதும் கடினம், சின்ன ஃபேன் திணறிப்போகும். ஏசி கண்டென்சர், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அதன் பின்னால் தடித்த ரேடியேட்டர் என்று மூன்று சுவரை அடுக்கிவிட்டு, ஊருக்குள் கொதிக்கிறது என்றால் அது எதிர்பார்க்க வேண்டியதே.

செம்பா, அலுமினியமா என்ற வாதமும் ஓயாது. செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட மேல், அது உண்மை. ஆனால் பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டரில் டியூப் குறுகலாக, அரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். டியூபும் ஃபின்னும் சேரும் இடத்தில் ஈயப் பற்று வேறு. அலுமினியத்தில் ஒரு அங்குல டியூப் போடலாம். ஒவ்வொரு டியூபும் ஃபின்னைத் தொடும் பரப்பு கூடுகிறது, எடையும் குறைகிறது. ஒரு அங்குல டியூப் இரண்டு வரிசை, அரை அங்குல டியூப் நான்கு வரிசைக்குச் சளைக்காது. ஆனால் ஒன்று: செம்பை எந்த ரேடியேட்டர் கடையிலும் பற்று வைத்துவிடலாம், அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங்கில் கை தேர்ந்தவர் வேண்டும்.

பெட்டியில் போட்ட எண்ணை நம்பி ஃபேன் வாங்குவது

ஒரு சின்னக் கணக்கு. மலையேறும் வண்டி ரேடியேட்டர் வழியாக 30 கிலோவாட் வெப்பத்தைத் தள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முப்பது அயர்ன் பாக்ஸ் ஒரே நேரத்தில் எரிகிற சூடு அது. ஈரோட்டு வெயிலில் வெளிக்காற்று 40 டிகிரி. அது கோருக்குள் போய் 80 டிகிரியில் வெளியே வருகிறது என்றால், நிமிடத்துக்குச் சுமார் 1,450 கன அடி காற்று வேண்டும். மார்கழியில் வெளிக்காற்று 30 டிகிரி இருந்தால் இதே வேலைக்கு ஏறக்குறைய 1,150 போதும். தை மாசம் சோதித்துப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொன்ன வண்டி, சித்திரையில் ஏன் வழியில் நிற்கிறது என்பது இதிலேயே தெரியும்.

சரி, 2,000 சி.எஃப்.எம். (நிமிடத்துக்குக் கன அடி) என்று எழுதிய ஃபேன் இருக்கிறதே, போதாதா என்றால், அந்த எண் எதிரே எந்தத் தடையும் இல்லாமல் வெறும் காற்றில் சுற்றும்போது அளந்தது. ரேடியேட்டரையும் கண்டென்சரையும் முன்னால் வைத்தால் பெருமளவு குறைந்துவிடும். பெட்டியை விட ஆம்பியரைப் பாருங்கள். காற்றை நகர்த்தச் சக்தி வேண்டும். 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் இழுக்கும் ஃபேன் 300 வாட் தின்கிறது. அதே அளவு காற்றை 7 ஆம்பியரில் தருகிறேன் என்று ஒரு ஃபேன் சொன்னால் நம்ப வேண்டாம். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில், பெரிய வண்டியிலிருந்து கழற்றிய கம்பெனி ஃபேன் ஷ்ரவுட்டோடு முழு செட்டாகக் கிடைத்தால், பளபளப்பான புது ஃபேனைவிட அதையே எடுக்கச் சொல்வேன். புஷ் தேய்ந்திருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்து, பேட்டரியில் வைத்து ஓட்டிப் பார்த்து எடுங்கள்.

ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுப்பதே நல்லது. முன்னால் நின்று தள்ளும் ஃபேன், வேகமாகப் போகும்போது வருகிற காற்றை மறைக்கும். இடமே இல்லாதபோதுதான் அது. இன்னொன்று, தள்ளும் ஃபேனை இழுக்கும் ஃபேனாக்க ஒயரை மட்டும் மாற்றிப்போடுவார்கள். திசை மாறும், ஆனால் இறக்கையின் வளைவு எதிர்ப்பக்கமாக நிற்கும். இறக்கையையும் கழற்றித் திருப்பிப் போட வேண்டும்.

ஷ்ரவுட்: எல்லோரும் விட்டுவிடும் தகரம்

அந்தத் தம்பியின் வண்டியில் பானெட்டைத் திறந்தேன். பத்து அங்குல ஃபேன் இரண்டு. கோருக்குள்ளேயே பிளாஸ்டிக் ஊசி நுழைத்து இறுக்கியிருந்தார்கள். ஷ்ரவுட் கிடையாது. ஃபேனை ஓடவிட்டு, தினத்தாளின் ஒரு தாளை விரித்து ரேடியேட்டரின் முன்பக்கம் வைத்தேன். நடுவில் இரண்டு வட்டமாகத் தாள் ஒட்டிக்கொண்டது. நான்கு மூலையும் துவண்டு தொங்கியது. மூலையைக் கையால் அழுத்திவிட்டாலும் மறுபடி விழுந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கணக்கும் அதையே சொல்கிறது. 60-க்கு 40 சென்டிமீட்டர் கோர் என்றால் 2,400 சதுர சென்டிமீட்டர். பத்து அங்குல ஃபேன் இரண்டும் சேர்ந்து மறைப்பது சுமார் ஆயிரம்தான். நூறு ரூபாய்க்கு ரேடியேட்டர் வாங்கி, நிற்கும்போது நாற்பது ரூபாய்க்குத்தான் வேலை வாங்குகிறோம். மீதியிலிருந்தும் காற்றை இழுத்து ஃபேனுக்குக் கொண்டுவருவது ஷ்ரவுட்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் திருச்செங்கோட்டுக்குப் போய், ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு போர்வெல் வண்டியைப் பாருங்கள். கம்ப்ரஸர் இன்ஜின் ஒரே இடத்தில் நின்றபடி நாள் முழுக்க முழுப் பாரத்தில் ஓடும். எதிர்க்காற்று என்ற பேச்சே இல்லை. அந்த ரேடியேட்டரின் முழு முகத்தையும் மூடி, ஃபேனை நெருங்க நெருங்கக் குவிந்து வரும் ஷ்ரவுட்டையும், இறக்கையின் நுனிக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். வேக வண்டிக்காரர்களுக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஷ்ரவுட் செய்பவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். தட்டையான தகட்டில் இரண்டு வட்டம் வெட்டி, கோரோடு ஒட்டி வைத்துவிடுவது. மூலையில் நுழைந்த காற்று பக்கவாட்டில் நகர்ந்து ஃபேனுக்கு வர இடமே இருக்காது. கோருக்கும் தகட்டுக்கும் இரண்டு அங்குலமாவது ஆழம் விடுங்கள். ஓரங்களில் ரப்பர் பீடிங் போட்டு இறுக்கி மூடுங்கள். அப்புறம், வேகத்தில் இந்தத் தகடே எதிர்க்காற்றுக்குத் தடையாகும். அதற்குத் தகட்டில் ஜன்னல் வெட்டி, பின்பக்கம் ரப்பர் மடிப்பு தொங்கவிட வேண்டும். ஃபேன் இழுக்கும்போது மடிப்பு ஒட்டி மூடிக்கொள்ளும், வேகத்தில் காற்று தள்ளும்போது திறந்துகொள்ளும்.

பெல்ட்டில் ஓடும் ஃபேன் உள்ள பழைய வண்டி என்றால், இறக்கையின் பாதி அகலம் வளையத்துக்கு உள்ளே, பாதி வெளியே இருக்க வேண்டும். இன்ஜின் ஆடும் என்பதால் நுனிக்கு ஒரு அங்குலம் வரை இடைவெளி விடலாம். எலெக்ட்ரிக் ஃபேனுக்கு அத்தனை வேண்டாம், உரசாத அளவு போதும்.

ரேடியேட்டரைச் சுற்றியுள்ள சந்துகளையும் மறக்காதீர்கள். தடையில்லாத வழி கிடைத்தால் காற்று அதில்தான் போகும். பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பக்கவாட்டில் கை நுழைகிற இடைவெளி இருந்தால், உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு கோரைத் தொடாமலே போய்விடும். கொஞ்சம் அலுமினியத் தகடும் ஃபோமும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இது. நெடுஞ்சாலையில் சூடாகும் வண்டிகளில் நான் முதலில் செய்வது இதைத்தான்.

பிளாஸ்டிக் ஊசி பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். அதிர்வில் டியூபை அறுத்துவிடும்.

மெல்லிய ஒயர்

25 ஆம்பியர் ஃபேனுக்கு ஹாரன் ஒயரை இழுத்து, டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேராக ஓட்டுகிறார்கள். ஒயர் சூடாவது ஒருபக்கம், வழியிலேயே வோல்ட்டேஜ் விழுந்து ஃபேன் சோம்பலாகச் சுற்றுவது மறுபக்கம். ஃபேன் ஓடும்போது அதன் கனெக்டரில் மீட்டரை வையுங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ஒயரையும் எர்த்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ். கிளம்பும் நொடியில் ஓடுவதைவிட இரண்டு மூன்று மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் இத்தனையும் தருமா என்பதையும் பாருங்கள்.

இன்ஜின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது 82 டிகிரியில் திறக்கிறது என்றால், ஃபேன் 80-ல் நிற்குமாறு சுவிட்ச் போட்டால் அது நிற்கவே நிற்காது. 95-ல் ஓடி 88-ல் நிற்பது மாதிரி வையுங்கள். தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவது இன்னும் பெரிய தவறு. இன்ஜின் பிளாக்குக்குள் அழுத்தம் குறைந்து, ஹெட்டில் சூடு அதிகமான இடங்களில் தண்ணீர் அங்கங்கே ஆவியாகத் தொடங்கும். குளிர்காலத்தில் இன்ஜின் சரியான சூட்டுக்கும் வராது.

உள்ளே ஊற்றும் தண்ணீர்

ஒரு பழைய ரேடியேட்டரின் மேல் டேங்கை எங்கள் முன்னால் பிரித்தார்கள். டியூப் வாய்களில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, பாதிக்குமேல் அடைந்திருந்தது. வீட்டு ஹீட்டர் ராடில் படிவதேதான். நம் பக்கத்துப் போர் தண்ணியின் உப்பு அது. ரேடியேட்டரில் தெரிவது பாதி, பிளாக்குக்குள்ளும் அதே படிவு இருக்கும். அதைக் கழுவாமல் புது ரேடியேட்டர் மாட்டினால், உரிந்து வருவதெல்லாம் புதிதின் டியூபில் போய் அடையும். சிறுவாணித் தண்ணி இனிப்பாக இருக்கிறதே என்று அதையும் ஊற்ற வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் சேர்ந்ததுதான் சரி. வெறும் தண்ணீர் கூலன்ட் கலவையைவிட வெப்பத்தை நன்றாகச் சுமக்கும், ஆனால் அலுமினியத்தை அரித்துவிடும்.

மீட்டரின் மைனஸை பேட்டரி மைனஸிலும், பிளஸ்ஸை உலோகத்தில் படாமல் கூலன்ட்டிலும் வைத்துப் பாருங்கள். ஃபேன், விளக்கு எல்லாம் ஓடும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ எர்த் கெட்டிருக்கிறது. அலுமினிய ரேடியேட்டர் உள்ளிருந்தே ஊசி ஊசியாக ஓட்டை விழுந்து போகும்.

ரேடியேட்டர் மூடியை அலட்சியம் செய்யாதீர்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். மூடி தரும் அழுத்தம்தான் அந்த எல்லையை மேலே தள்ளுகிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடியோடு மலையேறாதீர்கள். அதற்காக அளவுக்கு மீறிய அழுத்தமுள்ள மூடியும் வேண்டாம், பழைய ஹோஸ் தாங்காது.

அந்தத் தம்பியின் வண்டிக்கு ரேடியேட்டரை மாற்றவே இல்லை. பன்னிரண்டு அங்குல ஃபேன் இரண்டு, கணபதியில் ஒரு ஷீட் மெட்டல் பட்டறையில் இரண்டரை அங்குல ஆழத்துக்கு மடித்து வாங்கிய அலுமினிய ஷ்ரவுட், லாரி டியூபில் வெட்டிய ஐந்து ரப்பர் மடிப்பு, தடித்த ஒயர். அதே தினத்தாளை மறுபடி வைத்தபோது நான்கு மூலையும் கோரோடு ஒட்டி நின்றது. அடுத்த வாரம் ஏசியை அணைத்துவிட்டு, பர்லியாரிலிருந்து ஒரு பஸ்ஸின் பின்னாலேயே குன்னூர் ஏறினார். மேலே போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். "ஃபேன் ஆறேழு தடவை ஓடி ஓடி நின்னுச்சுங்ணா" என்றார். ஓடியதைவிட நின்றதைக் கேட்டுத்தான் எனக்கு நிம்மதி. அந்த ஏற்றத்திலும் ஃபேன் நிற்கிறது என்றால், சித்திரை வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் கையிருப்பு இருக்கிறது.