வீட்டு டூல் பாக்ஸுக்கு எந்த பிராண்ட் வாங்கலாம்?

நூறு உருப்படி அடங்கிய செட்டைப் பார்த்து மயங்காதீர்கள். பாதி பெட்டியை விட்டு வெளியே வராது. கட்டிங் பிளேயர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், சுத்தியல், ஸ்க்ரூ ஸ்பேனர், அளவு டேப் போதும். சென்னையில் பாரிமுனைப் பக்கம் போய் உதிரியாக வாங்குங்கள்.

என் ஓட்டு தபாரியாவுக்கு. தெருமுனை ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். டேப் என்றால் ஃப்ரீமேன்ஸ்.

பிராண்ட் எதுவானாலும் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டிங் பிளேயரை மூடி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தால், வெட்டும் விளிம்புகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது. அப்புறம் திறந்து மூடுங்கள். பக்கவாட்டில் ஆடினால் மெல்லிய வயர் வெட்டுப்படாமல் மடங்கும். ஸ்க்ரூ டிரைவரில் முனைதான் எல்லாம். மட்டமான இரும்பு என்றால், இறுகிப்போன ஒரு திருகிலேயே மழுங்கி, திருகின் தலையையும் கெடுத்துவிடும். குரோம் வனேடியம் எஃகா என்று கேளுங்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று பதில் வந்தால் அடுத்த கடை.

டெஸ்டரில் பத்து இருபது மிச்சம் பிடிக்க வேண்டாம், உயிர் விஷயம்.

நான் இருப்பது திருவான்மியூர். இந்த உப்புக் காற்றில் எந்த பிராண்டும் துருப்பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து வையுங்கள். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துப் போகும்.