மாரிக்கு முன் கடை அடுப்பையும் புகைபோக்கியையும் சரிபார்ப்பது எப்படி

சோளகக் காற்று அடங்கி வாடை தொடங்கும் இடைவெளியில் யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடைகளும் பேக்கரிகளும் கொஞ்சம் மூச்சு விடும். நல்லூர்த் திருவிழாக் கூட்டம் கலைந்திருக்கும், ஐப்பசி மழை இன்னும் இறங்கியிருக்காது. காஸ் அடுப்பையும் புகை இழுக்கும் ஃபானையும் கழற்றிப் பார்க்க இந்தப் புரட்டாதியை விட்டால் நல்ல நேரம் கிடைக்காது.

பெரும்பாலான கடைகளில் அடுப்பைப் பார்ப்பார்கள், காற்றைப் பார்ப்பதில்லை. மழை தொடங்கியதும் சாரல் அடிக்கிறதென்று யன்னலைச் சாத்தி, பின்வாசலில் தறப்பாளைக் கட்டிவிடுவார்கள். கோடை முழுக்க நீலமாக எரிந்த அடுப்பு அன்றைக்கு மஞ்சளாக எரியும், சமையல்காரருக்குத் தலை இடிக்கும். காஸ்தான் சரியில்லை என்று சிலிண்டரை மாற்றுவார்கள். உண்மையில் அந்த அடுப்புக்குக் காற்றுப் போதவில்லை. அதனால் இந்த விளக்கத்தில் காற்றைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லப்போகிறேன்.

1. எல்லாவற்றையும் நிறுத்துங்கள்

சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் மிச்சமுள்ள காஸ் எரிந்து அணையும்வரை பொறுங்கள். அப்புறம் அடுப்புக் குமிழைப் பூட்டுங்கள். ஃபானின் கரண்டை பிரேக்கரிலேயே நிறுத்துங்கள், சுவர் சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். 'போட வேண்டாம், ஃபானில் ஆள் நிற்கிறார்' என்று எழுதி பிரேக்கர் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

2. பேர்ணர்

ஆறிய பிறகு பேர்ணரைத் தூக்கி எடுங்கள். துவாரங்களில் கஞ்சியும் எண்ணெயும் காய்ந்து பிடித்திருக்கும். பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் சுடர் துள்ளும்.

பலர் பார்க்காமல் விடுவது பேர்ணரின் பின்பக்கக் குழாயை. காஸோடு காற்றுக் கலப்பது அங்கேதான். அதன் வாயில் ஒரு டோர்ச்சை அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சோளகம் கொண்டுவந்த தூசியும் சிலந்தி வலையும் உள்ளே படிந்திருக்கும். கொஞ்ச நாள் பாவிக்காத அடுப்பென்றால் குளவி மண்கூடு கட்டியிருந்தாலும் இருக்கும். போத்தல் கழுவும் நீளத் தூரிகையை விட்டு இழுத்தால் சுத்தமாகிவிடும். இந்தக் குழாய் அடைபட்டால் சுடர் மஞ்சளாகும், சட்டியடி கரியாகும், சில நேரம் நெருப்பு பின்னுக்கு வந்து, காஸ் பாயும் சிறு முனையான ஜெட்டிலேயே எரியும்.

ஜெட்டின் துளைக்குள் ஊசியோ கம்பியோ விடாதீர்கள். துளை மயிரளவு பெருத்தாலும் காஸ் கூடுதலாகப் பாய்ந்து கலவை பிழைத்துவிடும். அடைத்திருந்தால் புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள், பெரிய செலவில்லை.

3. ஹோஸும் றெகுலேட்டரும்

ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். அச்சிட்ட காலாவதி ஆண்டு கடந்திருந்தால், பார்வைக்கு நல்லதாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். கடலை அண்டிய பருத்தித்துறை, குருநகர்ப் பக்கக் கடைகளில் உப்புக் காற்றால் கிளிப்பும் நட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும், அவற்றையும் பாருங்கள். நட்டின் மூலைகளில் வெட்டு இருந்தால் அது இடது புரி. வழக்கமான பக்கம் திருப்பிக் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகும்.

திரும்ப மாட்டியதும் அடுப்புக் குமிழ்கள் பூட்டியிருக்க, சிலிண்டர் வால்வைத் திறந்து ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரையைத் தடவுங்கள். குமிழி ஊதினால் அங்கே கசிவு. நெருப்புக்குச்சியால் சோதிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம், செய்பவரையும் தடுங்கள்.

4. ஹூட்டும் ஃபானும்

அடுப்புக்கு மேலே புகையைப் பிடிக்கும் மூடிதான் ஹூட். அதிலுள்ள ஃபில்டர்களைக் கழற்றி, சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஊறப்போடுங்கள். அலுமினிய ஃபில்டருக்குக் கோஸ்டிக் சோடா கூடாது, அது உலோகத்தையே அரித்துவிடும். எண்ணெய் வடியும் கிண்ணத்தை வெறுமையாக்குங்கள். புகைக் குழாயின் உள்பக்கம் விரலை வைத்து வழித்துப் பாருங்கள். பிசுக்குத் தடிப்பாக வந்தால் தாச்சியில் எழும் ஒரு தீ கூரைவரை ஏறுவதற்கு அதுவே போதும். எட்டாத உயரத்தில் இருப்பதைத் துப்புரவாக்க ஆள் பிடியுங்கள்.

ஃபான் இலைகளில் பிசுக்கு ஒருபக்கமாகப் படிந்தால் அதிர்வு வரும், பெயாரிங் போகும். சுரண்டித் துடைத்து, பெல்ட்டில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். அண்மையில் வயரிங் வேலை நடந்திருந்தால் ஃபான் சுற்றும் திசையையும் பாருங்கள். மூன்று பேஸ் மோட்டாரில் இரண்டு வயர் மாறினால் அது எதிர்ப்பக்கம் சுற்றும். பெட்டிக்குள் சுற்றும் வகை ஃபான் அப்போதும் கொஞ்சம் காற்றை இழுக்கும், அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. ஃபானின் உடலில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். புகைபோக்கியின் மேல்மூடி கழன்றிருந்தால் மழைக்கு முன் பூட்டிவிடுங்கள். பறவைக்கூடு இருந்தால் அகற்றுங்கள்.

5. காற்று உள்ளே வரும் வழி

ஃபான் வெளியே தள்ளும் அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். வராவிட்டால் புகை ஹூட்டில் ஏறாமல் சமையலறைக்குள்ளேயே சுற்றும். அரைகுறையாக எரிந்தால் காபன் மொனொக்சைட் உண்டாகும். அதற்கு நிறமும் மணமும் கிடையாது. தலையிடியும் குமட்டலுமாகத்தான் முதலில் காட்டும்.

சோதனை எளிது. மழை நாளில் எப்படிச் சாத்துவீர்களோ அப்படியே கதவு, யன்னல், தறப்பாள் எல்லாவற்றையும் சாத்துங்கள். எல்லா அடுப்பையும் எரித்து ஃபானைப் போடுங்கள். ஹூட்டின் விளிம்பில் மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றைப் பிடியுங்கள், அது உள்பக்கம் இழுபட வேண்டும். இப்போது பின்கதவைத் திறக்கச் சொல்லுங்கள். கடதாசி சட்டென்று பலமாக இழுபட்டாலோ, மஞ்சள் சுடர் நீலத்துக்குத் திரும்பினாலோ உங்கள் கடைக்கு நிரந்தரக் காற்றுவழி போதாது.

அதற்காக மழையில் நனைந்துகொண்டு சமைக்க வேண்டியதில்லை. சுவரில் பதித்த பூக்கல் துவாரங்களை அடைக்காமல் வெளிப்பக்கம் சரிவாகத் தகடு அடித்தால் சாரல் நிற்கும், காற்று வரும். நில மட்டத்துத் துவாரம் ஒன்றாவது கட்டாயம் வேண்டும். எல்பி காஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானது. கசிந்தால் தரையில் தேங்கும், காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கு கலந்தாலே தீப்பற்றும். மேலே சுற்றும் ஃபான் அதை எடுக்காது.

6. சிலிண்டர் நிற்கும் இடம்

நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். படுக்க வைத்தால் காஸ் திரவமாகவே றெகுலேட்டருக்குள் போகும். 2024 நவம்பர் வெள்ளத்தைப் போலத் தண்ணீர் ஏறினால் வெறும் சிலிண்டர் மிதக்கும், குழாயையும் இழுத்துக்கொண்டு போகும். கொங்கிரீட் மேடை கட்டி, சங்கிலியால் சுவரோடு பிணையுங்கள். பக்கத்தில் கான் வாய் இருக்கக் கூடாது.

இவற்றைச் செய்து முடித்தும் சுடர் மஞ்சளாகவே இருந்தால், அல்லது மூட்டை இறுக்கியும் குமிழி நிற்காவிட்டால், சிலிண்டரை மூடிவிட்டு டெக்னீசியனைக் கூப்பிடுங்கள். றெகுலேட்டரைத் திறந்து பார்ப்பதும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும் அவருடைய வேலை. ஹோஸ் மாற்றிய திகதி, ஃபில்டர் கழுவிய திகதி இரண்டையும் கடைக் கொப்பியில் எழுதுங்கள். தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990 என்று அடுப்படிச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வேலைக்கு வரும் புதுப் பொடியனுக்கு முதல்நாளே சிலிண்டர் வால்வு இருக்கும் இடத்தைக் காட்டி, அவன் கையாலேயே ஒருமுறை பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.